யூகத்தானில் பழைய பண்ணை மாளிகைகளில் தங்கியவர்கள் யாராவது உண்டா?

வணக்கம் நண்பர்களே. வரும் ஜனவரியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மெக்சிகோவின் யூகத்தானுக்குப் போகிறோம். அதன் தலைநகர் மெரிதாவைச் சுற்றியுள்ள அசியெந்தாக்களில், அதாவது பழைய பண்ணை மாளிகைகளில், இரண்டு இரவாவது தங்க ஆசை. 19ஆம் நூற்றாண்டில் கயிறு திரிக்கும் கற்றாழை நாரை ஏற்றுமதி செய்தே செழித்த பண்ணைகள் அவை. அந்த நாரைப் 'பச்சைத் தங்கம்' என்றார்களாம். கடனில் சிக்கிய மாயா பழங்குடிக் கூலிகளின் உழைப்பு அது என்பதால், அந்த வரலாற்றையும் மறைக்காமல் சொல்லும் இடமாக இருந்தால் நல்லது.

மனதில் இருப்பது தெமோசோன் சுர் என்ற அசியெந்தா. 2007இல் அன்றைய அமெரிக்க அதிபர் புஷ்ஷும் மெக்சிகோ அதிபர் கல்தெரோனும் சந்தித்த இடம். பழைய மாயா நகரமான உஷ்மலின் இடிபாடுகளைப் பார்க்கப் போகவும் வசதி. ஆனால் வாடகை கையைக் கடிக்கிறது. இதைவிடச் சிறியதாக, குடும்பமே நடத்தும் மாளிகை ஏதாவது தெரியுமா? இல்லை, மெரிதாவிலேயே பாசெயோ தெ மொந்தேகோ சாலைப் பக்கம் பழைய வீட்டு விடுதியில் தங்கி, பகலில் போய்வருவது மேலா?

அம்மாவுக்கு முழங்கால் வலி. உயரமான படிகள் இல்லாத தரைத்தள அறை கிடைக்குமா? அதைவிடப் பெரிய கவலை சாப்பாடு. அம்மா சுத்த சைவம். அங்கே பீன்ஸைக்கூடப் பன்றிக் கொழுப்பில்தான் தாளிப்பார்களாம். 'சின் மாந்தேகா' (பன்றிக் கொழுப்பு இல்லாமல்) என்று சொன்னால் தனியாகச் சமைத்துத் தருவார்களா? போய் வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், இந்த வாரமே அறை பதிய வேண்டும்.