கேம் ஆடத் திறமை வேணுமா, வெட்டியா இருந்தா போதுமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கடைசி பெஞ்ச்:
ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பிய சண்டை இது. "வேலைவெட்டி இல்லாம நாள் பூரா உட்கார்ந்தா யார் வேணா ஆடலாம், இதுல என்ன திறமை" என்றார் ஒரு சீனியர். தத்துவம் வேண்டாம். நன்றாக ஆடும் ஒருவரிடம் நேரில் மாட்டியிருந்தால் அதை எழுதுங்கள்.

வைகைக்கரை:
2000-களின் தொடக்கம், மதுரை செல்லூர். மாடிப்படிக்கு அடியில் ஒரு கேம் கடை. நாலு டிவி, நாலு பிளேஸ்டேஷன், மணிக்குப் பத்து ரூபாய். கடையே டெக்கன் 3 என்ற சண்டை கேமை நம்பித்தான் ஓடியது. அதில் எல்லாரும் எடி கார்டோ என்ற வீரனைத்தான் எடுப்பார்கள். உதைக்கிற பட்டன் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றி அமுக்கினால் போதும், தலைகீழாக நின்று சுழன்று சுழன்று அடிப்பான். எதிராளி என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். கடைசியில் "எடி எடுக்கக் கூடாது" என்று எங்களுக்குள் சட்டமே போட்டுக்கொண்டோம்.

பக்கத்து சைக்கிள் கடையில் வேலை பார்த்த ஒரு அண்ணன் ஞாயிறு மட்டும் வருவார். மற்ற ஆறு நாளும் பஞ்சர் ஒட்டுகிற வேலை. எங்களுக்கோ கோடை விடுமுறை, கடை திறக்கும்போதே வாசலில் நிற்போம். நேரக் கணக்குப் பார்த்தால் நாங்கள்தான் அவரைத் துவைத்து எடுத்திருக்க வேண்டும். அவர் பால் (Paul) என்ற வீரனை எடுத்துக்கொண்டு, "நீ எடியையே எடுடா தம்பி" என்பார். எடி கீழே உதைக்கும்போது குனிந்து தடுப்பார். உதை தடுக்கப்பட்டால் எடிக்கு ஒரு சின்னத் தடுமாற்றம் வரும், கண்ணிமைக்கிற நேரம்தான். அதற்குள் ஒரு அடி. எடி மறுபடி சுற்றுவான், மறுபடி குனிவார், மறுபடி ஒரு அடி. நாங்கள் வியர்த்து வழிய பட்டனைக் குத்திக்கொண்டிருப்போம். அவர் கட்டைவிரல் அசைவதே தெரியாது.

ஒரு தடவை தோற்று எழுந்தபோது என்னிடம், "ரெண்டாவது உதைக்கு அப்புறம் நீ எப்பவும் சுத்துற, கவனிச்சியா?" என்று கேட்டார். எனக்கே அது தெரியாது. வரிசையில் காத்திருக்கும்போது நாங்களெல்லாம் டிவியைப் பார்ப்போம், அவர் ஆடுகிறவன் கையைப் பார்ப்பார். எங்கள் பத்து ரூபாயில் அவர் கற்றுக்கொண்டிருந்தார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

பாலைவனக் கப்பல்:
மேலே டெக்கன் என்று பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. துபாய் தேராவில் என் அறையில் லாகூர்க்காரர் ஒருவர் இருந்தார். பாய் என்றுதான் கூப்பிடுவேன். கிடங்கில் பத்து மணி நேர வேலை. ராத்திரி வந்து டெக்கன் 7-ஐப் போட்டுப் பயிற்சிப் பகுதியில் அரை மணி நேரம் உட்காருவார், சண்டையே போடமாட்டார். கிங் என்ற மல்யுத்தக்காரன் வந்து பிடிப்பான், இவர் பிடியை உடைப்பார். அவ்வளவுதான், திரும்பத் திரும்ப அதே. பார்க்கிறவனுக்குப் பைத்தியம் பிடிக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் கிங்கை எடுத்தேன். என் ஒரு பிடிகூட அவரிடம் பலிக்கவில்லை. எப்படி என்று கேட்டதற்கு, "கையைப் பார்" என்றார். கிங்கின் பெரிய பிடிகளில் இடக்கை முன்னால் வந்தால் ஒரு பட்டன், வலக்கை வந்தால் இன்னொன்று, இரண்டும் சேர்ந்து வந்தால் இரண்டையும் சேர்த்து அமுக்க வேண்டும். எந்தக் கை என்று பார்த்து முடிவெடுத்து அமுக்க மொத்தம் 20 ஃபிரேம்தான், அதாவது ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு. ஒரே பிடி திரும்பத் திரும்ப வந்தால் நானும் உடைத்துவிடுவேன். கலந்து வந்தால் அம்போ.

2019 பிப்ரவரியில் அவர் ஊர் டெக்கன் ஆட்டக்காரர் அர்ஸ்லான் ஆஷ் ஜப்பானில் ஈவோ பட்டத்தை அடித்தார். சண்டை கேம்களில் ஈவோதான் பெரிய போட்டி. விசா, விமானம் என்று இழுபறிப்பட்டு ஜப்பான் போய்ச் சேர்ந்தவர், வெளியே யாருக்கும் பெரிதாகத் தெரியாது. ஜெயித்துவிட்டு, எங்கள் ஊரில் இன்னும் பலமானவர்கள் இருக்கிறார்கள் என்றார். கொரியாவின் பெரிய ஆட்டக்காரர், 'நீ' (Knee) என்று பெயர், அதையும்தான் பார்த்துவிடுவோம் என்று பாகிஸ்தானுக்கே போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினார். அதே ஆண்டு ஆகஸ்டில் லாஸ் வேகஸ் ஈவோ இறுதியில் மோதியதும் இந்த இருவர்தான். அர்ஸ்லானே ஜெயித்தார். பாய் சொன்ன காரணம் எளிமையானது: "எங்க ஊர்ல பக்கத்து நாற்காலியில உட்கார்றவனே எமன்." வெட்டி நேரம் எல்லா ஊரிலும் கிடைக்கிறது, அந்தப் பக்கத்து நாற்காலி கிடைப்பதில்லை.

அனு அம்மா:
நான் கேம் ஆடுவதில்லை, ஆடுகிற பையனைத் திட்டுகிறவள். 2023 டிசம்பரில் வில்லிஸ் கிப்சன் என்ற 13 வயதுப் பையன், மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் பழைய நின்டெண்டோ டெட்ரிஸை, அது தாங்க முடியாமல் உறைந்து நிற்கும்வரை ஆடினான். 157-வது நிலை. 29-வதோடு மனிதக் கைக்கு எல்லை முடிந்தது என்றுதான் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தார்களாம். பட்டன் மேல் ஒரு விரலை லேசாக வைத்துக்கொண்டு, கன்ட்ரோலரின் முதுகில் மற்ற விரல்களால் தபலா மாதிரி தட்டுவது அவன் முறை. பிரிட்டன் டிவியில் செய்தி வாசித்த பெண்மணி, ஒரு அம்மாவாகச் சொல்கிறேன், வெளியே போய்க் காற்று வாங்கு என்கிற மாதிரி பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன், சரி.

என் பையன் அந்த விரல் தட்டலை மேசை ஓரத்தில் பழகி, என்னையும் செய்யச் சொன்னான். எனக்கு இரண்டு விரலுக்கு மேல் வரிசையாக வரவில்லை. அப்புறம் ஒரு கேள்வி கேட்டான், இன்னும் பதில் சொல்லவில்லை. அவனை ஞாயிறுதோறும் காசு கட்டி செஸ் வகுப்புக்கு அனுப்புகிறேன். 2025-ல் ரியாதில் நடந்த இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையில் செஸ்ஸும் ஒரு கேம், கார்ல்சன்தான் ஜெயித்தார். "அப்போ நான் போறது கேம் கிளாஸா அம்மா?"

எட்டாம் நம்பர் பில்டர்:
எல்லாரும் ஒரே பக்கம் சாய்வதால் ஒன்று சொல்கிறேன். சில கேமில் நேரம்தான் எல்லாம். ஊர் கட்டி, கிளான் என்ற குழுவாகச் சேர்ந்து மற்ற ஊர்களைத் தாக்குகிற கிளாஷ் ஆஃப் கிளான்ஸில், ஊரின் முக்கியக் கட்டடமான டவுன் ஹாலை உயர்த்த நாள் கணக்கில் காத்திருக்கணும், இல்லாவிட்டால் காசு கொடுத்து ஜெம் வாங்கணும். காத்திருப்பதில் என்ன திறமை? எங்கள் கிளான் தலைவர் இரண்டையும் செய்தவர். மதில், பீரங்கி, படை எல்லாம் உச்சம், பார்த்தாலே பயம் வரும். ஒரு கிளான் போரில் அந்தப் படையை ஒரே மூலையில் மொத்தமாகக் கொட்டினார். டவுன் ஹாலும் விழவில்லை, ஊரில் பாதிகூட இடியவில்லை, ஒரு ஸ்டார்கூட இல்லை. அவரைவிட இரண்டு நிலை கீழே இருந்த ஒரு காலேஜ் பையன், எங்கே பொறி இருக்கும் என்று நாலு துருப்பை விட்டுச் சோதித்துவிட்டு, தனக்குச் சமமான ஊரில் மூன்று ஸ்டாரும் எடுத்தான். குரூப்பில் நான் சிரித்து ஒரு ஸ்டிக்கர் போட்டேன். பத்து நிமிஷத்தில் அவனையும் என்னையும் கிளானிலிருந்து தூக்கிவிட்டார்.