மறு: அடைவுக்கு 'இயக்கு' பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

லினக்ஸில் கோப்புக்கும் அடைவுக்கும் (கோப்புகளை வைக்கும் ஃபோல்டர்) படிக்க ஆர், எழுத டபிள்யூ, இயக்க எக்ஸ் (எக்ஸிக்யூட்) என்று மூன்று அனுமதிகள் உண்டு. அடைவின் எக்ஸுக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற இந்த விவாதத்தை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேற்று ஏற்காட்டில் ஒரு வேலையை முடித்துவிட்டு இறங்கியபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

> கோப்புக்கும் அடைவுக்கும் அதே எக்ஸ் தானே? 'இயக்க அனுமதி' என்று இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துவிடலாம். பயனர் போகப்போகப் பழகிக்கொள்வார்.

பழகிக்கொள்ள மாட்டார். என்னிடம் சாட்சி இருக்கிறது.

ஏற்காட்டில் ஒரு சின்னக் காப்பித் தோட்டம். ஆபீசில் ஒரே ஒரு கணினி, அதில் உபுண்டு லினக்ஸ். கணக்கருக்கு ஒரு பயனர் பெயர், எஸ்டேட் ரைட்டருக்கு ஒன்று. ஆட்களின் வருகையையும் கூலியையும் எழுதும் செக்ரோல், லிப்ரே ஆபீஸ் கோப்பாகக் கணக்கரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் இல்ல அடைவுக்குள் இருக்கிறது. பல வருடமாக இரண்டு பேரும் அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன மாதம் வட்டு போய்விட்டது. புது வட்டில் 24.04 பதிப்பை நிறுவி, பழைய கோப்புகளை அதே இடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து கணக்கருக்குச் செக்ரோல் திறக்கிறது, ரைட்டருக்குத் திறக்கவில்லை. அனுமதி இல்லையாம்.

கணக்கரின் அக்கா மகன் கல்லூரியில் கணினி படிக்கிறார். போனிலேயே மருந்து சொல்லிவிட்டார்: சிஎச்மாட் 777. (அனுமதிகளை மாற்றும் கட்டளை அது. மூன்று இலக்கங்களும் முறையே உடையவருக்கு, குழுவுக்கு, மற்றவர்களுக்கு. ஒவ்வொன்றும் ஆர் 4, டபிள்யூ 2, எக்ஸ் 1 என்று கூட்டிய எண்.) செக்ரோல் கோப்புக்கு அதைப் போட்ட பிறகும் திறக்காததால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ரைட்டர் சொன்னது இது: "எல்லாருக்கும் எல்லா அனுமதியும் குடுத்தாச்சுங்க. அப்புறமும் அனுமதி இல்லைங்குது. யார்கிட்டத்தான் கேக்கறதுங்க?"

சேலம் அஸ்தம்பட்டியில் என் கடையில் உட்கார்ந்தபடியே எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. முன்பெல்லாம் உபுண்டு இல்ல அடைவை 755 என்று உருவாக்கும். அதாவது மற்றவர்களும் உள்ளே போய்ப் பார்க்கலாம். 21.04 பதிப்பிலிருந்து அதை 750 ஆக்கிவிட்டார்கள். பழைய கணினியைப் பதிப்பு மட்டும் உயர்த்தியிருந்தால் இருக்கும் அடைவு மாறியிருக்காது. இவர்கள் புதிதாக நிறுவியதால் கணக்கரின் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே இருக்கும் பெட்டிக்கு 777 போட்டு என்ன பயன்?

சரி, இதை ரைட்டருக்கு எப்படிச் சொல்வது? கலைச்சொல் பட்டியலில் உள்ளபடியே சொன்னேன்: "மேல் அடைவுக்கு உங்களுக்கு இயக்க அனுமதி இல்லைங்க." அவர் கேட்டார்: "அடைவை நான் எதுக்குங்க இயக்கணும்? செக்ரோலைத்தானே திறக்கப் போறேன்?" அதற்கு மேல் இரண்டு பேரும் வேறுவேறு மொழியில் பேசியதுபோல ஆகிவிட்டது. கடைசியில் வண்டியை எடுத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினேன். போனில் பத்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. ஒரு சொல் சரியில்லாததால் எனக்கு அரைநாள் போனது. (மேலே நல்ல பனி. அந்தவிதத்தில் நஷ்டமில்லை.)

அங்கே உட்கார்ந்து முனையத்தில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) நேம்ஐ -எல் ஓட்டிக் காட்டினேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், இந்தக் கட்டளை கோப்பின் முழுப் பாதையையும் எல்லாவற்றுக்கும் மேலான வேர் அடைவிலிருந்து வரிவரியாகப் பிரித்து, ஒவ்வொரு அடைவும் யாருடையது, யாருக்கு என்ன விட்டிருக்கிறது என்று காட்டும். எந்த வரியில் தடைபடுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். பட்டியலிடும் எல்எஸ் கட்டளையால் கடைசிக் கோப்பை மட்டும் பார்த்துவிட்டு மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் அதிகம், ஒரு காலத்தில் நானும்தான்.

ரைட்டர் அந்த வரிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "ஓ, தடம் இல்லைங்களா! கீழ்க்காட்டுக்காரங்க நம்ம தோட்டத்து வழியா அவங்க காட்டுக்குப் போறாங்களே, அந்த மாதிரிங்களா?"

அந்த மாதிரியேதான். சேலம் பக்கத்துக் கிரையப் பத்திரங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். நான்கு எல்லை, கிணற்றில் பங்கு எல்லாம் எழுதியபிறகு, இன்ன தடத்தில் ஆள், கால்நடை, வண்டி போகவர பாத்தியம் என்று ஒரு வரி வரும். தடப்பாத்தியம் என்பார்கள். அது இருப்பவர் அடுத்தவர் நிலத்தின் வழியே தன் காட்டுக்குப் போகலாம். போகிற வழியில் காப்பிப் பழம் பறிக்க முடியாது. எத்தனை செடி இருக்கிறது என்று எண்ணிப்பார்க்கவும் அவருக்கு உரிமை கிடையாது. நடக்கலாம், அவ்வளவே.

அடைவில் எக்ஸ் செய்வதும் இதையே. 711 போட்ட அடைவை (உடையவருக்கு எல்லாம், மற்றவர்களுக்கு எக்ஸ் மட்டும்) எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று மற்றவர்களால் பட்டியல் எடுக்க முடியாது. ஆனால் ஒரு கோப்பின் பெயர் தெரிந்திருந்தால் நேராக அதனிடம் போகலாம், அந்தக் கோப்பு இடம் கொடுத்தால் திறக்கலாம். எதிர்மாறாக, ஆர் இருந்து எக்ஸ் இல்லாவிட்டால் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பதுபோல. பெயர்கள் தெரியும். அளவும் தேதியும் இருக்க வேண்டிய இடத்தில் எல்எஸ் வெறும் கேள்விக்குறியாகப் போட்டு நிரப்பும். டபிள்யூ என்பது நடவும் பிடுங்கவும் உள்ள உரிமை. கோப்பை அழிக்கக் கோப்பின் மேல் எந்த உரிமையும் தேவையில்லை, அது இருக்கும் அடைவில் டபிள்யூவும் எக்ஸும் இருந்தால் போதும் என்பதைப் பலர் நம்பவே மாட்டார்கள். நிலக்கணக்கில் சொன்னால் உடனே நம்புகிறார்கள்.

இதில் எங்கேயும் 'இயக்கம்' இல்லை. ஆங்கிலத்தில் ஒரே எழுத்து இரண்டு வேலை செய்கிறது என்பதற்காக நாமும் ஒரே சொல்லால் இரண்டையும் கட்ட வேண்டுமா? உபுண்டுவின் திரைமுகப்பான நோமின் கோப்பு மேலாளரில் ஓர் அடைவின் பண்புகளைத் திறந்து பாருங்கள். அங்கே ஆங்கில இடைமுகத்திலேயே அடைவுக்கு 'எக்ஸிக்யூட்' என்ற சொல் கிடையாது. எதுவுமில்லை, பட்டியல் மட்டும், கோப்புகளை அணுகலாம், உருவாக்கவும் நீக்கவும் செய்யலாம் என்ற பொருளில் நான்கு தெரிவுகள்தான். மூலத்தில் அவர்களே கழற்றிவிட்டதை நாம் ஏன் சுமக்கிறோம்?

இனி சொல்லுக்கு வருகிறேன்.

> 'நுழைவுரிமை' எளிமையாக இருக்கிறதே.

இருக்கிறது. ஆனால் நுழைந்தவர் சுற்றிப் பார்ப்பார் என்ற எண்ணம் அதில் ஒட்டியிருக்கிறது. 711 அடைவில் நுழையலாம், பார்க்க முடியாது. அதனால் எனக்கு ஒப்பவில்லை.

என் மனதுக்குப் பிடித்தது 'தடவுரிமை'. எழுதிப் பார்த்ததும் கைவிட்டேன். தடவும் உரிமை என்று யாராவது படித்துத் தொலைப்பார்கள். 'கடவுரிமை' அழகான சொல். கடவு என்றாலும் வழிதான். ஆனால் கடவுச்சொல் என்று ஊரெல்லாம் பழகிவிட்ட இடத்தில் இது கடவுச்சொல்லோடு தொடர்புடையது என்று நினைத்துவிடுவார்கள். 'தடப்பாத்தியம்' என்றே வைக்கலாம் என்றால், தூய தமிழ் அன்பர்கள் என்மேல் பாய்வார்கள், மதுரைப்பக்கம் புரியாது என்றும் சொல்வார்கள். ஆகவே 'வழியுரிமை' என்று முன்மொழிகிறேன். கோப்புக்கு இயக்குரிமை, அடைவுக்கு வழியுரிமை.

கவனித்திருப்பீர்கள், 'அனுமதி' என்ற சொல்லையே தவிர்த்திருக்கிறேன். அனுமதி என்றால் ஒருவர் கேட்க, இன்னொருவர் தர வேண்டும். ரைட்டர் "யார்கிட்ட கேக்கறது" என்று தவித்ததே அந்தச் சொல்லால்தான். இங்கே யாரும் உட்கார்ந்து யோசித்து மறுப்பதில்லை. பத்திரத்தில் எழுதியதுபோல அடைவின் மேல் எழுதி வைத்திருக்கிறது, கருனி (இயங்குதளத்தின் கெர்னல்) அதைப் படித்துப் பார்க்கிறது.

இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கல் பிழைச்செய்திகள். லினக்ஸில் பிழை எண் 13 வேறு, 1 வேறு. பாதையிலோ கோப்பிலோ உரிமை போதாவிட்டால் வருவது 13. அடுத்தவர் கோப்பின் உரிமைகளை மாற்றப் பார்ப்பதுபோல உடையவரோ ரூட்டோ (கணினியின் நிர்வாகி) மட்டுமே செய்யக்கூடியதில் கை வைத்தால் 1. முதலாவதை உரிமைகளைத் திருத்தித் தீர்க்கலாம். இரண்டாவதற்கு எத்தனை 777 போட்டாலும் தீராது. இரண்டையும் 'அனுமதி இல்லை' என்று மொழிபெயர்த்தால் இந்த வேறுபாடு செத்துவிடும். 13க்கு 'கோப்புரிமையோ வழியுரிமையோ இல்லை' என்றும், 1க்கு 'இதைச் செய்யும் அதிகாரம் உங்களுக்கு இல்லை' என்றும் எழுதலாம் என்பது என் கருத்து. முதலாவது கொஞ்சம் நீளம்தான், ஆனால் மேல் அடைவையும் பார் என்று அதுவே சொல்லிவிடுகிறது.

தோட்டத்து வேலை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். கணக்கரின் இல்ல அடைவைத் திறந்துவிடவில்லை. யாருடைய இல்ல அடைவிலும் சேராத எஸ்ஆர்வி அடைவின் கீழ் 'செக்ரோல்' என்று ஒன்றை உருவாக்கி, இரண்டு பேரையும் ஒரு குழுவில் சேர்த்து, அடைவை அந்தக் குழுவுக்கு எழுதி 2770 போட்டேன். முன்னால் நிற்கும் 2 இருந்தால் உள்ளே புதிதாகப் பிறக்கும் கோப்பும் அதே குழுவுக்குப் போகும். கோப்பின் 777ஐ எடுத்துவிட்டு 660 ஆக்கினேன். அடைவில் எழுதும் உரிமை அவசியம், ஏனென்றால் லிப்ரே ஆபீஸ் கோப்பைத் திறக்கும்போது பக்கத்திலேயே புள்ளியில் தொடங்கும் ஒரு பூட்டுக் கோப்பை எழுதப் பார்க்கும். குழுவில் சேர்த்தபின் வெளியேறி மறுபடி உள்ளே வர வேண்டும் என்பதை மறந்து கால் மணி நேரம் முழித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சேலத்திலிருந்து,
அன்புடன்.

மறு: மறு: அடைவுக்கு 'இயக்கு' பொருந்துமா?

> எல்லாவற்றையும் 'உரிமை' ஆக்கிவிட்டால், ஏற்கெனவே 'உரிமையாளர்' என்று ஒருவர் இருக்கிறாரே? குழுவுக்கும் மற்றவர்களுக்கும் உரிமை இருந்தால் எல்லாரும் உரிமையாளரா?

நல்ல அடி. நான் யோசிக்கவில்லை. மேலே என்னையறியாமல் 'உடையவர்' என்று எழுதியிருக்கிறேன், அதையே வைத்துக்கொள்ளலாமா? பத்திரத்திலும் நிலம் உடையவர் ஒருவர், தடத்தில் பாத்தியம் உள்ளவர் வேறொருவர். உரிமையாளரை 'உடையவர்' ஆக்கினால் இரண்டும் மோதாது. ஏற்கெனவே மொழிபெயர்த்த இடங்களில் எல்லாம் மாற்ற வேண்டிவரும், அது பெரிய வேலைதான்.

> வழியுரிமை என்றால் வழிவழியாக வரும் உரிமை என்று தோன்றாதா?

தனியாகப் பார்த்தால் தோன்றலாம். 'அடைவு வழியுரிமை' என்று சேர்த்து வரும்போது எனக்குத் தோன்றவில்லை. ரைட்டரிடம் இன்று காலை போனில் கேட்டேன். "தடம்னே சொல்லுங்களேன், எதுக்கு இழுக்கறீங்க" என்கிறார். அவர் ஓட்டு 'தட உரிமை' என்று பிரித்து எழுதுவதற்கு. பிரித்தால் தடவல் பிரச்சினையும் போய்விடுகிறது என்பதை இப்போதுதான் பார்க்கிறேன். மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவின் 1777இல் முன்னால் நிற்கும் 1க்கு 'ஒட்டும் பிட்' (ஸ்டிக்கி பிட்) என்று போட்டிருப்பதைப் பற்றியும் எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. யார் வேண்டுமானாலும் நடலாம், அவரவர் நட்டதை மட்டுமே பிடுங்கலாம் என்பதில் எது எதோடு ஒட்டுகிறது? நாளை எழுதுகிறேன். கடையில் ஒருவர் பிரின்டரை வைத்துக்கொண்டு நிற்கிறார்.