இன்டீரியர் டிசைன்: டர்பனில் டிப்ளமாவா, வெளியூரில் டிகிரியா?

பீனிக்ஸ்_அம்மா:
வணக்கம். மகள் கிரேடு 11. மெட்ரிக் (கிரேடு 12) முடித்ததும் இன்டீரியர் டிசைன், அதாவது வீடு, கடைகளின் உள்வடிவமைப்புதான் படிப்பேன் என்கிறாள். டர்பனிலேயே டிப்ளமா இருக்கிறது, டிகிரி என்றால் ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா என்கிறார்கள். தனியார் கல்லூரி விளம்பரங்களும் வருகின்றன. எதை நம்புவது? பள்ளியில் முழு மேத்ஸ் இல்லை, அன்றாடக் கணக்கு மட்டும் உள்ள மேத்ஸ் லிட்ரசிதான் எடுத்திருக்கிறாள். விண்ணப்பத்தோடு கொடுக்கும் போர்ட்ஃபோலியோவில் (அவளுடைய படைப்புகளின் தொகுப்பு) என்ன வைக்க வேண்டும்?

அரை_மில்லிமீட்டர்:
அக்கா, படிப்பின் பெயரை விடுங்கள், என்.க்யூ.எஃப். எண்ணைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் ஒரு படிப்பு எந்தப் படியில் இருக்கிறது என்று சொல்லும் எண் அது. ஹயர் சர்டிபிகேட் 5, டிப்ளமா 6, பேச்சலர் டிகிரி 7, ஹானர்ஸ் 8. மூன்று வருட டிப்ளமாவும் 360 கிரெடிட்தான், மூன்று வருட டிகிரியும் 360தான். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேரம் என்று கணக்கு, ஆக இரண்டிலும் 3600 மணி நேர உழைப்பு. வித்தியாசம் மேலே ஏறும்போது தெரியும். டிகிரி முடித்தவர் ஹானர்ஸுக்கு நேராகப் போகலாம். டிப்ளமா முடித்தவர் நடுவில் ஒரு வருட அட்வான்ஸ்ட் டிப்ளமா, 120 கிரெடிட், படித்துவிட்டுத்தான் போக முடியும். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டிப்ளமா, ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பி.ஏ., பிரிட்டோரியாவில் பி.எஸ்சி. இன்டீரியர் ஆர்க்கிடெக்சர்.

டிகிரிக்கு மெட்ரிக்கில் பேச்சலர் பாஸ் வேண்டும், அதாவது நான்கு பாடங்களில் 50 சதவீதம். டிப்ளமா பாஸுக்கு 40. இது வாசல் மட்டுமே, பல்கலைக்கழகங்கள் இதற்கு மேலும் கேட்கும்.

தனியார் கல்லூரி என்றால் முன்பணம் கட்டுவதற்கு முன் அந்தப் படிப்பின் சாக்வா (நாட்டின் தகுதிகளைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவு எண்ணை வாங்கி, சாக்வா இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். கல்லூரி பதிவாகியிருந்தால் மட்டும் போதாது, மகள் சேரும் அந்தப் படிப்பே பதிவாகியிருக்க வேண்டும். இன்னொன்று, என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசுக் கல்வி உதவி அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுத் தொழிற்கல்லூரிகளுக்கும்தான், தனியாருக்கு இல்லை.

லக்ஸ்_கணக்கு:
மேத்ஸ் லிட்ரசி பற்றி யாராவது உடைத்துச் சொல்ல வேண்டும். பிரிட்டோரியா இன்டீரியர் ஆர்க்கிடெக்சருக்கு மேத்ஸ் கட்டாயம், லிட்ரசி செல்லாது. மற்ற இடங்களில் அந்தந்த வருடக் கையேட்டைப் பாருங்கள்.

உள்ளே போனபின் வரும் கணக்கு கடினமில்லை, ஆனால் தினமும் வரும். ஒரு மாதிரி: 4 × 5 மீட்டர் அலுவலக அறை, மேசைமேல் 500 லக்ஸ் வேண்டும். லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளி, லூமன் என்பது விளக்கு தரும் மொத்த ஒளி. 20 × 500 = 10,000 லூமன். விளக்கில் வரும் ஒளி முழுதும் மேசைக்கு வராது, தூசியும் படியும். அதனால் முதலாவதற்கு 0.6, தூசிக்கு 0.8 என்று வைத்து இரண்டாலும் வகுத்தால் சுமார் 20,800 லூமன். முதல் வருடத்தில் பலர் இந்த வகுத்தலை விட்டுவிட்டுப் பாதி வெளிச்சத்தில் அறையை முடித்துவிடுகிறார்கள்.

பலகையும் அப்படித்தான். இங்கே அலமாரி செய்யும் மெலமைன் பலகை 2750 × 1830 மில்லிமீட்டர். அலமாரி ஆழம் 600 என்றால் அகலத்தில் மூன்று பட்டை வரும், ரம்பம் தின்னும் வெட்டுகள் போக மிச்சமும் இருக்கும். 'கொஞ்சம் தாராளமாக' என்று 620 போட்டால் இரண்டு பட்டைதான். மீதி 580 சொச்சம் மூலையில் கிடக்கும். வாடிக்கையாளர் காசு அது.

பீனிக்ஸ்_அம்மா:
நன்றி. போர்ட்ஃபோலியோவுக்கு அவள் இணையத்தில் இருந்து அழகான வரவேற்பறைப் படங்களாகச் சேர்த்து வைத்திருக்கிறாள்...

அரை_மில்லிமீட்டர்:
அதை மட்டும் வேண்டாம் அக்கா! அவளுடைய ரசனை அதில் தெரியும், அவளுடைய கை தெரியாது. ஒவ்வொரு இடமும் தனித்தனிப் பணி கொடுக்கும், அதை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றச் சொல்லுங்கள். பொதுவாக எடுபடுவது, நேரில் பார்த்து வரைந்த பென்சில் படங்கள்: நாற்காலி, கைகள், படிக்கட்டு, மேசைமேல் குத்துவிளக்கு. புகைப்படத்தைப் பார்த்து வரைந்தால் நிழலின் ஓரத்திலேயே தெரிந்துவிடும்.

அத்தோடு வீட்டில் ஒரு அறையை டேப் வைத்து அளந்து 1:50இல், அதாவது ஐம்பதில் ஒரு பங்காக, வரையட்டும். 4.2 மீட்டர் சுவர் தாளில் 84 மில்லிமீட்டர். நான்கு சுவரோடு இரண்டு மூலைவிட்டத்தையும் அளக்க வேண்டும், ஏனென்றால் அறைகள் சரியான செவ்வகமாக இருப்பதில்லை. மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் வெட்டுப்பட்டுத் தெரியும் சுவருக்கு 0.5 மில்லிமீட்டர் பேனா, மரச்சாமானுக்கு 0.25. எல்லாம் ஒரே தடிமனில் இருந்தால் சுவர் எது, சோபா எது என்றே புரியாது.

ஃபோம்போர்டு:
மாடல் செய்வதானால் 5 மில்லிமீட்டர் ஃபோம்போர்டு, இரண்டு தாளுக்கு நடுவே நுரை வைத்த அட்டை. 1:50இல் அது நிஜத்தில் 250 மில்லிமீட்டர், இங்கத்தி பூசிய வெளிச்சுவருக்குச் சரியாக வரும். மூலையில் ஒரு சுவர் இன்னொன்றின்மேல் முட்டுமே, அந்தச் சுவரின் நீளத்தில் இரண்டு பக்கமும் ஐந்தைந்து கழிக்காவிட்டால் 10 மில்லிமீட்டர் கூடும். நிஜத்தில் அது அரை மீட்டர், கூரை உட்காராது. புது பிளேடு, மூன்று முறை மெல்ல இழுப்பு. ஒரே அழுத்தாக அழுத்தினால் நடு நுரை கிழியும். ஸ்ப்ரே பசை பல நுரையைக் கரைத்துவிடும், வெள்ளை மரப்பசை போதும்.

லக்ஸ்_கணக்கு:
டிப்ளமாவை மட்டமாக நினைக்க வேண்டாம். டர்பனில் கிச்சன், கடை வேலைக்கு அது தாராளம். ஆனால் எந்தப் படிப்பானாலும் சுவரை இடித்து மாற்ற வேண்டுமென்றால், நகராட்சிக்கு வரைபடம் கொடுப்பவர் சாகாப்பில் (கட்டடக்கலைத் தொழிலுக்கான பதிவு மன்றம்) பதிவானவராக இருக்க வேண்டும். இன்டீரியர் டிசைனர் என்ற பெயருக்கு அந்த உரிமை கிடையாது. அதுவும் வேண்டுமென்றால் மகள் கேட்க வேண்டியது ஆர்க்கிடெக்சர். அதற்கும் பல இடங்களில் மேத்ஸ் கேட்பார்கள், பள்ளியில் இந்த வாரமே போய்ப் பேசுங்கள்.