தேமல் தாங்கும் வெண்டை ரகம் எது? டெல்டாக்காரர்கள் சொல்லுங்கள்

அண்ணன், தம்பிகளுக்கு வணக்கம். திருவையாறு பக்கம், குடமுருட்டிக் கரையோரம் அரை ஏக்கரில் வெண்டை போட்டிருக்கிறேன். கொழுந்து இலைகளில் நரம்பு மட்டும் மஞ்சளாகி வலைபோல் பின்னிக் கிடக்கிறது. காய் வெளுத்து, பிஞ்சிலேயே நார் தட்டுகிறது. சந்தேகமே இல்லை, மஞ்சள் நரம்புத் தேமல்தான். வைரஸ் வந்த செடிக்கு மருந்து கிடையாது என்பதால் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். பரப்புகிற வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்து, வேப்பெண்ணெயும் அடிக்கிறேன்.

விதை அர்கா அனாமிகா. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் காட்டு வெண்டையோடு ஒட்டுச் சேர்த்து எதிர்ப்புத்திறன் கொண்டுவந்த ரகம். நல்ல ரகம்தான், ஆனால் வைரஸும் சும்மா இருக்குமா? மாறிக்கொண்டே வருகிறது.

அடுத்து ஆடியில் விதைக்க நினைக்கிறேன். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 4 வீரிய ஒட்டு நம் வண்டல் மண்ணில் தேமலைத் தாங்குகிறதா? வீரிய ஒட்டு என்றால் விதை எடுத்து வைக்க முடியாது, வருடா வருடம் வாங்க வேண்டும். அந்தச் செலவு கட்டுப்படியாகிறதா? அப்புறம், வெள்ளை ஈயைத் தடுக்க வரப்போரம் மக்காச்சோளம் வேலி போட்டவர்கள் எத்தனை வரிசை, வெண்டைக்கு எத்தனை நாள் முன்னால் போட்டீர்கள்?

கடைக்காரர் சொன்ன மருந்துப் பட்டியல் வேண்டாம். வயலில் பார்த்ததைச் சொன்னால் போதும்.