போட்டோ எடுக்கற கண்ணு பொறப்புலயே வரணுமா, பழகினா வருமா?

கேமரா வாங்கி ரெண்டு வருசம் ஆச்சுங்க, 50 எம்எம் லென்ஸ். போன ஞாயித்துக்கிழமை சித்தி பையனோட ஏற்காடு போனேன், 20 கொண்டை ஊசியும் ஏறி பகோடா பாயின்ட் போனா ஒரே பனி, நான் எடுத்ததெல்லாம் கரித்துணி மாதிரி வந்துச்சு. அவன் பழைய போன்ல எடுத்தது ஒரே படம், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவுல ஒரு அம்மா சாக்கை முக்காடு போட்டுட்டு நடந்து போறாங்க, சொந்தக்காரங்க பாதிப் பேரு அதைத்தான் ஸ்டேட்டஸ் வச்சிருக்காங்க. கிளாஸுக்கே போகாதவன்ங்க அவன். கேமராவ வித்துரலாமான்னு இருக்கு.

செவ்வாப்பேட்டைக்காரன்:
தம்பி, கரித்துணிக்கும் திறமைக்கும் சம்பந்தம் இல்ல. கேமராவுக்குள்ள வெளிச்சம் அளக்கற மீட்டர் இருக்கே, அது எதைக் காட்டினாலும் நடுத்தர சாம்பல்னு நெனச்சுத்தான் வெளிச்சக் கணக்கு போடும், வெள்ளைப் பனியையும் இருட்டாக்கிரும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், அதான் வெளிச்சத்தைக் கூட்டிக் கொறைக்கற செட்டிங், அதை ப்ளஸ் 1 வச்சுப் பாருங்க.
நான் கல்யாணத்துல லைட் பிடிக்கப் போனவன். தாலி கட்டறப்ப கூட்டமே தாலியப் பாக்கும், எங்க முதலாளி மட்டும் ஒரு செகண்டு முன்னாடியே பொண்ணோட அப்பா பக்கம் கேமராவத் திருப்பிருவாரு, என்னமோ வரம் வாங்கி வந்தவருன்னு நெனச்சேன். நூறு முகூர்த்தம் பாத்தப்பறம் அப்பாவுக்கு எப்ப தொண்டை அடைக்கும்னு எனக்கும் தெரிஞ்சுபோச்சு.

மூக்கனேரி கொக்கு:
அண்ணே அது சரி, ஆனா எல்லாத்தையும் பழக்கம்னு சொல்லிர முடியாது. நாங்க நாலு பேரு ஒரே ஏரிக்கரைல ஒரே நேரத்துல நிப்போம், மூணு பேரு கொக்கை எடுப்போம், ஒருத்தன் தண்ணில விழுந்த அதோட நிழலை எடுத்துட்டு வருவான். யாரு சொல்லிக்குடுத்தா?

செவ்வாப்பேட்டைக்காரன்:
அவன் சின்ன வயசுல படம் கிடம் வரைஞ்சானான்னு கேளுங்க. பிரெஞ்சு போட்டோகிராபர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் கூட கேமராவ கைல எடுத்து சுத்தறதுக்கு முன்னாடி பாரிஸ்ல ஆந்த்ரே லோத்ங்கற ஓவியர் கிட்ட ஓவியம் படிச்சவருதான். நமக்குத் தெரியாத எடத்துல கத்துக்கிட்டு வந்தா பொறவின்னு சொல்லிடறோம்.

கேள்வி கேட்டவர்:
அண்ணே, இன்னிக்கு காலைல மறுபடி போனேன், ப்ளஸ் 1 வச்சதும் பனி பனியாவே வந்துச்சு, ரொம்ப நன்றிங்க. ரெண்டு மணி நேரம் நின்னும் சாக்கு முக்காடு அம்மா மாதிரி யாரும் வரல. தம்பிக்கு போன் போட்டு எப்படிடா கெடச்சாங்கன்னு கேட்டா, அந்தம்மா தூரத்துல வர்றதைப் பாத்துட்டு மரத்துக்கு நடுவுல வர்ற வரைக்கும் பத்து நிமிசம் காத்துட்டு நின்னானாம். நான் அப்ப மொளகா பஜ்ஜி வாங்கப் போயிருந்தேனாம்.