மறுமொழி: செனசன்ட் செல்லுக்கு 'மூப்பணு' வேண்டாம், 'ஓய்வணு' வைப்போம்

மருத்துவச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

புதிய செல்களைத் தந்து திசுவைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்லுக்குக் 'குருத்தணு' என்று முடிவாகிவிட்டது, சரி. வாழைக் குருத்தை நினைத்தாலே பாதி விளங்கிவிடுகிறது. 'தண்டணு' என்றால் தண்டுவடத்தோடு குழம்பும் என்று குழுவில் ஓர் ஐயா எழுதியதும் நியாயம்தான். எனக்குச் சிக்கல் அடுத்த சொல்லில். செனசன்ட் செல்லுக்கு, அதாவது சாகாமலே பிரிவதை நிரந்தரமாக நிறுத்திவிட்ட செல்லுக்கு, ஓர் அம்மா முன்வைத்த 'மூப்பணு' காதுக்கு இதமாக இருக்கிறது, ஆனால் பொருளைத் தவறவிடுகிறது.

1961இல் பிலடெல்பியாவில் ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் மனிதக் கருத்திசுச் செல்களைக் குப்பியில் வளர்த்தார்கள். ஏறத்தாழ 50 முறை இரட்டித்தபின் அவை நின்றுவிட்டன. சாகவில்லை, பிரியவுமில்லை. முதுமையோடு சேர்த்துப் பார்த்ததால் மூப்பைக் குறிக்கும் 'செனசன்ட்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் கருவில் கைகால் உருவாகும்போதே இத்தகைய செல்கள் தோன்றி மறைகின்றன என்று பிற்பாடு தெரிந்தது. காயம் ஆறும் இடத்திலும் வருகின்றன. பிறக்காத குழந்தைக்கு ஏது மூப்பு?

கையில் மச்சம் இருந்தால் ஒரு நிமிடம் பாருங்கள். பல மச்சங்களின் நிறமிச் செல்களில் பிராஃப் என்ற மரபணு பிறழ்ந்திருக்கும். மெலனோமா என்ற தோல் புற்றில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் காணப்படும் அதே பிறழ்வு. செல்கள் கொஞ்ச காலம் பெருகும், அப்புறம் யாரோ பிரேக் போட்டதுபோல நின்றுவிடும். அப்படியே பல பத்தாண்டுகள். புற்றாகாமல் காப்பதே இந்த நிறுத்தம்தான். அதனால் இன்னொருவர் சொன்ன 'முற்றணு'வும் சரிவராது. வெண்டைக்காய்க்குப் பொருந்தலாம். 'புற்று முற்றிவிட்டது' என்று பேசுகிற ஊரில் வாசகர் நேர் எதிராகப் புரிந்துகொள்வார்.

என் பரிந்துரை 'ஓய்வணு'. பணி ஓய்வில் வரும் ஓய்வு. நானே விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். வேலை இல்லை, ஆள் இருக்கிறான், திண்ணையில் உட்கார்ந்து போவோர் வருவோரை வம்புக்கு இழுக்கிறான். இந்தச் செல்களும் அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரந்து அக்கம்பக்கத்தைச் சீண்டிக்கொண்டே இருக்கின்றன. காயத்தில் சில நாள் என்றால் உதவி. வருடக்கணக்கில் தங்கினால் திசு கெடும், பக்கத்துச் செல் புற்றாகவும் அது துணைபோகலாம். (வீட்டம்மா இதைப் படித்துவிட்டுச் சிரித்தது தனிக்கதை.)

'ஓய்வு' என்றால் இளைப்பாறலும்தானே என்று கேட்பீர்கள். அதனால்தான் பிரியாமல் கிடந்தாலும் எழுப்பினால் எழுந்து மறுபடி பிரியும் குயசன்ட் செல்லுக்கு 'உறங்கணு' என்று தனியாகக் கேட்கிறேன். இரண்டும் ஒரே வரியில் வரும் இடம் உண்டு. 2014இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் கண்டது இது: மிக வயதான எலிகளின் தசைக் குருத்தணுக்கள் உறங்கணுக்களாக இருக்கும் திறனை இழந்து ஓய்வணு ஆகும் பாதையில் இறங்கிவிடுகின்றன. செல் பிரிவதற்குத் தடை போடும் பி16 மரபணுவை அடக்கியதும் தசையைப் புதுப்பிக்கும் திறன் திரும்பியது. இதையே 'கிழ எலியின் செல்கள் மூப்பணுக்கள் ஆகின்றன' என்று எழுதிப் பாருங்கள். இதில் என்ன கண்டுபிடிப்பு என்று வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

கிளைச்சொல்லும் எளிதாக வருகிறது. இந்தச் செல்களை அழிக்கும் செனோலிட்டிக் மருந்து 'ஓய்வணு நீக்கி'. 2015இல் எலிகளில் சோதித்த முதல் ஜோடி, ரத்தப் புற்று மருந்தான தசாட்டினிபும் வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டினும். உடனே 'வெங்காயம் தின்றால் இளமை' என்று வாட்ஸ்அப்பில் யாரும் கிளப்பிவிட வேண்டாம்.

'உறங்கணு'வுக்குப் பதில் 'துயிலணு' என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். எனக்கென்னவோ அதில் ஸ்ரீரங்கத்து வாசனை அடிக்கிறது. மருத்துவ நண்பர்கள் எதை வாய்கூசாமல் சொல்வார்களோ, அதையே வைத்துக்கொள்ளலாம்.