மேட்ரிக்ஸா, எக்ஸ்எம்பிபியா, ஜூலிப்பா? வழி சொல்லுங்கள்

நண்பர்களே, வேளச்சேரியில் மழைக்கால உதவிக்குத் தன்னார்வலர் குழு நடத்துகிறோம். இப்போது பேசிக்கொள்ளும் இலவச அரட்டைச் சேவையில் பழைய செய்திகள் மறைந்துவிடுகின்றன. போன வருடம் எந்தத் தெருவில் தண்ணீர் நின்றது என்று தேடினால் கிடைப்பதில்லை. அதனால் சொந்த அரட்டை சர்வர் போடப் போகிறோம், 4 ஜிபி ரேம்தான். தலைப்பில் சொன்ன மூன்றும் அப்படி நாமே நடத்தக்கூடிய அரட்டை அமைப்புகள்.

1999இல் ஜாபர் என்ற பெயரில் தொடங்கிய எக்ஸ்எம்பிபிக்கு ப்ரோசடி என்ற சர்வர் மென்பொருள் போதும், ரொம்ப லேசானது. 2014இல் வந்த மேட்ரிக்ஸில் ஓர் அறையின் (குழு அரட்டையின்) வரலாறு அதில் சேர்ந்த ஒவ்வொரு சர்வரிலும் இருக்கும். ஒன்று விழுந்தாலும் மற்றவை பேசிக்கொண்டே இருக்கும். வெள்ள நேரத்தில் எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. ஆனால் பெரிய அறைகளில் சேர்ந்தால் அதன் சர்வர் மென்பொருளான சினாப்ஸ் நிறைய ரேம் கேட்கும். ஜூலிப்பில் தலைப்பு வாரியாகப் பேச்சு பிரிவது அருமை, சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்து பேசும் வசதிதான் இல்லை.

இந்த அளவு சர்வரில் சினாப்ஸ் ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பழைய ஆண்ட்ராய்டு போனில் அறிவிப்பு உடனே வருகிறதா? அக்டோபருக்குள் மாற்றியாக வேண்டும்.